ஆபரேஷன் முடிந்து 9 நாள், குரல் வரவில்லை. டியூப் போட்டதாலா?

02.06.2023, இரவு

மே 24ஆம் தேதி பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபியில் ஆபரேஷன். வயிறு சரியாகிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. குரல்தான் வரவில்லை. கண் விழித்ததிலிருந்து பேசினால் பாதி காற்றாகப் போகிறது. சளி பிடித்த கரகரப்பு இல்லை இது. அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட முடியவில்லை, ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது. 'மயக்கத்துக்கு வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டிருப்பாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்றார் சர்ஜன். இன்று ஒன்பதாம் நாள்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒரு வகுப்பில் 52 பிள்ளைகள். இந்த மாதம் பள்ளி திறக்கிறது. உங்களில் யாருக்காவது டியூப் போட்டபின் இவ்வளவு நாள் இப்படி இருந்ததா?

03.06.2023

மிளகுப்பால், கற்பூரவல்லி, ஆவி, உப்புத்தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. சொன்னவர்களின் அன்பு புரிகிறது. ஆனால் எனக்குத் தொண்டையில் வலியே இல்லை. அதுதான் குழப்பம்.

05.06.2023

வெயிலால் பள்ளி திறப்பு 12ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஐந்து நாள் கிடைத்தது.

'டியூப் போட்டால் நிறைய பேருக்குத் தொண்டை வலிக்கும், பயப்படாதீர்கள்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். என் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் வலி இருந்தது, மூன்றாம் நாள் போய்விட்டது. எனக்கு நடப்பது வேறு.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டது. புரையேறும்போதெல்லாம் மாமியார் உச்சந்தலையில் தட்டி, 'யாரோ உன்னை நெனைக்கிறாங்க' என்பார். நானும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நேற்று இரவு மாத்திரை போட ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததும் மூச்சே அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கேழ்வரகுக் கூழ் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை. கெட்டியானது இறங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லை. இது ஏன் என்று யாருக்காவது தெரியுமா?

06.06.2023

தெரிந்தவர் ஒருவர் தனிச்செய்தியில் சொன்னது: குரல் போனது, புரையேறுவது இரண்டும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதே, உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஸ்கோப் பார். சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

10.06.2023

பார்த்தாயிற்று. கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மூக்கில் மரப்பு மருந்தை ஸ்பிரே அடித்தார். நாக்கின் அடிவரை கசந்தது. இடியாப்பத்தை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டார். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். ஈரமான இளஞ்சிவப்புக் குகை. அதன் நடுவே தலைகீழான 'V' வடிவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். 'ஈ சொல்லுங்க' என்றார். சொன்னேன். வலப்பக்கப் பட்டை நடுக்கோட்டுக்கு ஓடி வந்தது. இடப்பக்கப் பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி 'ஈ'. வலது வந்து நின்று இடதுக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

இடது குரல்நாண் வேலை செய்யவில்லை. இரட்டைக் கதவில் ஒன்றுதான் சாத்துகிறது. அந்த இடைவெளி வழியாகப் பேச்சில் காற்று வீணாகிறது, தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போகிறது. கூழ் மெதுவாக நகர்வதால் மற்ற தசைகள் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறதாம்.

அப்புறம் 'ஆ' என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் முடியுமோ சொல்லச் சொன்னார். 4 வினாடி. பதினைந்தாவது வர வேண்டுமாம்.

எட்டாம் வகுப்பில் 'எழுத்துகளின் பிறப்பு' நடத்துவேன். வல்லினத்துக்கு மார்பு இடம், மெல்லினத்துக்கு மூக்கு, உயிரெழுத்துக்குக் கழுத்து. இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டது. இன்று என் கழுத்தில் உயிர் பிறக்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் இதுதான் மனதில் ஓடியது.

11.06.2023

நேற்று எழுதாமல் விட்டவை. டாக்டர் இரண்டு சந்தேகம் சொன்னார். ஒன்று, நரம்பு அடிபட்டிருக்கலாம். மற்றது, குரல்நாணின் பின்முனையைப் பிடித்துத் திருப்பும் அரிட்டினாய்டு என்ற சிறு குருத்தெலும்பு, டியூப் இறங்கும்போது மூட்டிலிருந்து விலகியிருக்கலாம். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. இரண்டாவதாக இருந்தால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும், நாள் போனால் விலகிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு இவ்வளவு வலிக்கிறது. இரண்டு நாளில் சரியாகாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சிடி ஸ்கேன் கழுத்தோடு நிற்காது, மார்பு வரைக்கும் எடுக்க வேண்டுமாம். இடது குரல்நாணுக்கான நரம்பு மூளையிலிருந்து நேராக அங்கே போவதில்லை. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. அந்த நீண்ட வழியில் எங்கே கட்டி இருந்தாலும் குரல் போகலாம். டியூப்மேல் பழி போடும் முன் அதையெல்லாம் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாளை ஸ்கேன். நாளைதான் பள்ளியும் திறக்கிறது.

13.06.2023

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. குருத்தெலும்பும் இடத்தில்தான் இருக்கிறது. ஆக, நரம்பு. டாக்டர் சொன்னது: டியூபின் நுனிக்குக் கொஞ்சம் மேலே கஃப் என்று ஒரு காற்றுப்பை உண்டு. அது குரல்நாண்களுக்குச் சற்றே கீழே உப்பி நின்றால், நரம்பின் ஒரு கிளை கஃபுக்கும் வெளியே உள்ள குருத்தெலும்புக்கும் நடுவில் நசுங்கும். டியூப் வழியாக வரும் நரம்புப் பாதிப்பில் இடப்பக்கம்தான் அதிகம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகத் திரும்பும். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அன்று எத்தனை முறை நினைத்தேன் என்று கணக்கில்லை.

14.06.2023

கோபத்தில் எழுதுகிறேன். மயக்க மருந்து கொடுத்த டாக்டரை ஆபரேஷனுக்கு முன் இரண்டு நிமிடம்தான் பார்த்தேன். வாயைத் திற என்றார், நாக்கை நீட்டு என்றார், போய்விட்டார். கத்துக்குட்டியாக இருந்திருப்பார், குத்திக் குடைந்து டியூபைச் சொருகியிருப்பார். டிஸ்சார்ஜ் தாளில் மயக்க மருந்து பற்றி ஒரே வரி. முழு ரெக்கார்டையும் எழுதிக் கேட்டிருக்கிறேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. நீங்களும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

19.06.2023

ரெக்கார்டு வந்தது. 14ஆம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

டியூப் முதல் முயற்சியிலேயே உள்ளே போயிருக்கிறது. டியூப் போடும்போது தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவியில் குரல்நாண்கள் முழுதாகத் தெரிந்தன என்று குறித்திருக்கிறார். குத்தவும் இல்லை, குடையவும் இல்லை. அந்த 'வாயைத் திற, நாக்கை நீட்டு'வும் சும்மா கேட்டது இல்லை. உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து டியூப் போடுவது கடினமா, சுலபமா என்று கணிக்கும் முறை அது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி என்ற மயக்க மருந்து நிபுணர் 1985இல் வெளியிட்டது. உலகம் முழுக்க அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு டாக்டரைக் கத்துக்குட்டி என்று எழுதியது என் தப்பு.

இன்னொரு பாதியைத் திரும்பப் பெறவில்லை. ஆபரேஷன் 1 மணி 50 நிமிடம் நடந்திருக்கிறது. கஃபின் அழுத்தம் எவ்வளவு என்று எங்கேயும் ஒரு எண் இல்லை.

25.06.2023

ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது மயக்க மருந்தில் மேற்படிப்பு படிக்கிறான். செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் எல்லோருக்கும் நான் 'தமிழம்மா'. அவனுக்கு இன்னும் அப்படித்தான்.

பையிலிருந்து காலாவதியான ஒரு டியூபை எடுத்து மேசையில் வைத்தான். வளைந்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். சுண்டுவிரல் தடிமன். ஓரமாகச் சென்டிமீட்டர் கோடுகள். நுனி சாய்வாக வெட்டியிருக்க, பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நுனி அடைத்துக்கொண்டாலும் அது வழியாகக் காற்று போகுமாம். சிரிஞ்சை மாட்டிக் காற்றை ஏற்றினான். கஃப் மெல்ல உப்பியது. அதே நேரம் வெளியே தொங்கும் நீலக் குமிழும் உப்பியது. 'உள்ள எவ்வளவு இறுக்கம்னு இந்தக் குமிழை வெச்சுத்தான் தெரியும், அமுக்கிப் பாருங்கம்மா' என்றான். அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினான், மறுபடி அமுக்கச் சொன்னான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்புறம் கடிகாரம் மாதிரி ஒரு சிறு அளவுமானியை மாட்டினான். முதல் தடவை ஏற்றிய அளவுக்கு முள் 28 காட்டியது, இரண்டாம் அளவுக்கு 70.

20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தம்தான் இருக்க வேண்டும். குறைந்தால் வயிற்றிலிருந்து மேலே வருவது கஃபைத் தாண்டி நுரையீரலுக்குக் கசியும். கூடினால் மூச்சுக்குழாயின் உட்தோலுக்கு ரத்தம் போகாது. பழகிய கைகளும் தொட்டுப் பார்த்துச் சொல்வதில் தவறுவது உண்டு என்று அவனே ஒப்புக்கொண்டான். அளவுமானி எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருப்பதில்லை, இருக்கும் இடத்திலும் எல்லோரும் எடுப்பதில்லை என்றான்.

என் ரெக்கார்டைக் காட்டினேன். டியூபின் உள்விட்டம் 7.5 மி.மீ., உதட்டிலிருந்து உள்ளே 19 செ.மீ., மயக்க வாயு நைட்ரஸ் ஆக்சைடு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பெண்களுக்குப் பொதுவாக 20, 21இல் நிறுத்துவார்களாம், ஆழம் குறைந்தால் கஃப் குரல்நாண்களுக்குப் பக்கத்தில் நிற்கும். நான் 150 செ.மீ. உயரம்தான் என்பதால் 19 தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் 7 போதுமாக இருந்திருக்கும் என்றான். கழுத்தை நிமிர்த்தினால் டியூப் கொஞ்சம் மேலே ஏறும், குனிந்தால் உள்ளே இறங்கும். 'மூக்கு போற பக்கம் டியூபும் போகும்மா.' நைட்ரஸ் ஆக்சைடு கஃபின் சுவர் வழியாக உள்ளே புகுந்துவிடும். ஆரம்பத்தில் சரியாக இருந்த அழுத்தம் ஒரு மணி நேரத்தில் ஏறியிருக்கும், யாரும் அளக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுதான் என் விஷயத்தில் நடந்தது என்று அவன் சொல்லவில்லை. நடந்திருக்கலாம் என்றான். நானும் அதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

கிளம்பும் முன் ஒரு கதை சொன்னான். 1878இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன் ஆபரேஷன் மயக்கத்துக்காக வாய் வழியாக டியூப் போட்டபோது கஃப் எல்லாம் கிடையாது. 1920களில் அமெரிக்காவில் ஆர்தர் கெடல் என்பவர் கஃப் வைத்த டியூபைச் செய்து பார்த்தார். நம்பாதவர்களை நம்பவைக்கத் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, கஃபை உப்பவைத்து, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிக் காட்டினார். ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போகவில்லை. நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு போய்விட்டது. அதன் பெயர் 'ஏர்வே'. சொல்லும்போது அவன் முகம் பத்தாம் வகுப்பில் இருந்த மாதிரியே இருந்தது.

02.07.2023

ஒரு சகோதரி, 'உங்கள் பதிவைப் படித்து அம்மாவின் ஹெர்னியா ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டோம்' என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து தள்ளாதீர்கள். பிரிட்டனில் ஒரு வருடம் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 29 லட்சம் மயக்கங்களில், உயிருக்கோ மூளைக்கோ ஆபத்தாகும் அளவு மூச்சுவழிச் சிக்கல் 22,000 பேரில் ஒருவருக்கு என்று வந்தது. என்னுடையது போன்ற குரல் பிரச்சினை அந்தக் கணக்கில் சேராது, ஆனால் இதுவும் அபூர்வம்தான். ஹெர்னியா அடைத்துக்கொண்டால் நள்ளிரவில், சாப்பிட்ட வயிற்றோடு, அவசரமாக டியூப் போட வேண்டிவரும். அதுதான் உண்மையான ஆபத்து. முன்பு மயக்கம் கொடுத்ததில் ஏதாவது சிரமம் இருந்ததா, ஆடும் பல் இருக்கிறதா, குறட்டை உண்டா என்பதை அம்மாவை விட்டே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆபரேஷனை நடத்துங்கள்.

08.07.2023

'ஆ' 5 வினாடி. இடுப்பில் ஸ்பீக்கர், காதில் மைக் மாட்டிக்கொண்டு வகுப்பு எடுக்கிறேன். கடைசி பெஞ்ச் பையன்கள் அமைதியாக இருக்கிறார்கள். அதைப் பார்த்தால்தான் அழுகை வருகிறது.

இடது நாணில் ஜெல் ஊசி போட்டு நடுவுக்குத் தள்ளலாம், சில மாதம் தாங்கும், அதற்குள் நரம்பு திரும்பினால் நல்லது என்றார் டாக்டர். நான் வேண்டாம் என்றேன். புரையேறுவது குறைந்துவிட்டது: தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். கிசுகிசுத்துப் பேசுவதையும் நிறுத்தச் சொன்னார், அது தொண்டையை இன்னும் இறுக்குமாம்.

16.07.2023

மேலே ஒரு தம்பி கேட்டது: அப்பா 18 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார், ஐந்து வாரம் ஆகிறது, இப்போது மாடி ஏறினால் ஊதல் சத்தம், ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லை.

தம்பி, இதை உடனே படி. என் கொழுந்தனாருக்கு 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், இதேதான். மூன்று வாரம் டியூப். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் நன்றாக இருந்தார். அப்புறம் அந்தச் சத்தம். நாங்களும் ஆஸ்துமா என்றுதான் நினைத்தோம். இரண்டு டாக்டர், மூன்று இன்ஹேலர், ஏழு வாரம் போயிற்று.

சத்தத்தைக் கவனி. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது ஊதும், நெஞ்சுக்குள்ளிருந்து வரும். கொழுந்தனாருக்கு உள்ளே இழுக்கும்போது வந்தது. நெஞ்சில் காது வைக்கத் தேவையில்லை, வாசலில் நின்றாலே கேட்கும், மரத்தை ரம்பம் அறுப்பது போல. இருமிச் சளியை வெளியே கொண்டுவரவும் முடியாது. கழுத்துக் குழிக்கு மேலே ஸ்டெதஸ்கோப் வைத்த மூன்றாவது டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

கஃப் அழுத்திய இடத்தில் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கி, மூச்சுக்குழாய் வளையம் போல ஒடுங்கிவிட்டது. டியூப் இருந்த நாட்களில் ஒன்றும் தெரியாது, எடுத்து வாரங்கள் கழித்துத்தான் தெரியும். முதலில் பலூன் விட்டு விரித்தார்கள், இரண்டு தடவை. மறுபடி சுருங்கியது. பிறகு ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். தையல் இழுபடாமல் இருக்கத் தாடையை நெஞ்சோடு சேர்த்து ஒரு தையல். ஒரு வாரம் தலை குனிந்தபடியே இருந்தார். ஸ்ட்ராவில் கஞ்சி கொடுத்தது நான்தான். இப்போது தோட்டத்துக்கு மோட்டார் போடப் போய்வருகிறார்.

அப்பாவுக்கு நாளைக்கே கழுத்து, மார்பு சிடி ஸ்கேனும் ஸ்கோப்பும் கேள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வந்தால் நாளை வரை காத்திருக்காதே, இன்றே அவசரப் பிரிவு.

17.07.2023

நேற்றைய பதிவில் ஒரு திருத்தம். இழுக்கும்போது சத்தம் வந்தால் ஒடுக்கம், விடும்போது வந்தால் ஆஸ்துமா என்று கோடு கிழித்துவிடாதீர்கள். மார்புக்குள் இருக்கும் பகுதி ஒடுங்கினால் விடும்போதும் ஊதும், இரண்டிலும் ஊதவும் செய்யும். டியூப் வரலாறு இருந்து, இன்ஹேலர் கேட்கவில்லை என்றால் பார்க்க வேண்டும். மாணவப் பையன் தொலைபேசியில் திருத்தினான்.

12.08.2023

7 வினாடி. ஊசி வேண்டாம் என்று நான் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு பாடகி தானும் மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, மைக் வைத்து வேலையும் ஓடுகிறது. உங்களுக்கு இன்னும் புரையேறுகிறது என்றால் கணக்கே வேறு, நுரையீரலில் தண்ணீர் போய் நிமோனியா வந்துவிடலாம். இப்போது யோசித்தால் நானும் ஜூனிலேயே ஊசி போட்டிருக்கலாம். இரண்டு மாதம் பிள்ளைகளுக்கு நல்ல குரலில் பாடம் கிடைத்திருக்கும். பயந்துதான் வேண்டாம் என்றேன்.

09.09.2023

இடது நாண் அசைகிறது!! திரையில் பார்த்தேன். வலதைப் போல ஓடி வரவில்லை, துடித்து, பாதி தூரம் வந்து நின்றது. டாக்டர் மறுபடி மறுபடி 'ஈ' சொல்லச் சொன்னார், நானும் சலிக்காமல் சொன்னேன். 'ஆ' 10 வினாடி.

மாமியார் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். புரையேறவில்லை.

21.10.2023

14 வினாடி. மைக்கைக் கழற்றிவிட்டேன். நான்காம் பீரியடுக்கு மேல் குரல் தளர்கிறது, மேல் ஸ்தாயி இன்னும் எட்டவில்லை.

குரல் போனால் டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் காத்திருக்கலாமா, நான்கு வாரமா என்று கேட்டவர்களுக்கு: பொதுவான தொண்டைக்கட்டுக்கு நான்கு வாரம் என்று 2018இன் அமெரிக்க வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் சமீபத்தில் டியூப் போட்டிருந்தாலோ, குரலை வைத்துப் பிழைப்பவராக இருந்தாலோ அந்த நான்கு வாரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, முன்னதாகவே பார்க்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், புரையேறினால் அன்றைக்கே.

16.12.2023

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மயக்க மருந்து டாக்டரையே பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இதுவரை யாரும் சொல்லவே இல்லை. முகம் மாறிவிட்டது. அவர் கையாலேயே ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்: முன்பு டியூப் போட்டதில் இடது குரல்நாண் பாதிப்பு, அடுத்த முறை சிறிய டியூப், கஃப் அழுத்தம் அளக்கவும். காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சத்தம் என்று கேட்ட தம்பி, ஸ்கேனில் ஒடுக்கம்தான் என்று நேற்று எழுதியிருக்கிறாய். குரல்நாணிலிருந்து எத்தனை செ.மீ. கீழே, எவ்வளவு நீளம் என்று ரிப்போர்ட்டில் இருக்கும், அதைப் பார்த்துச் சொல். கொழுந்தனாரின் நம்பர் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அப்பாவை அவரிடம் பேசச் சொல், அந்தத் தாடைத் தையல் பற்றி அவர் சொன்னால்தான் பயம் போகும்.